கூரைக்கு வந்த காசு

இன்ஷூரன்ஸ் கம்பெனி கூரைக்குன்னு கொடுத்த காசை கூரைக்குத்தான் செலவு பண்ணணுமா? இல்ல, நம்ம பிரிமியம், நம்ம வீடு, நம்ம காசுன்னு வெச்சுக்கலாமா? ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி. ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நடுவுல டாலஸ், லிவர்பூல்னு எங்கெங்கயோ போகும், பொறுத்துக்கோங்க மக்களே. மேட்டர் என்னவோ ஏழாயிரம்பண்ணையில ரெண்டு ரூமுக்கு மேல கிடந்த பத்து சிமென்ட் ஷீட் பத்தினதுதான்.

ஊர் தெரியாதவங்களுக்கு: ஏழாயிரம்பண்ணை விருதுநகர் மாவட்டத்துல, வெம்பக்கோட்டை பக்கம் இருக்கு. ஒரு காலத்துல பாளையம். இப்ப பட்டாசும் தீப்பெட்டியும்தான் சோறு போடுது. கரிசல் காடு, மழை கம்மி. மழை கம்மிங்கறதுதான் இந்தத் தொழில் இங்க வேர் பிடிச்சதுக்கே ஒரு காரணம். ஆனா கோடையில சில நாள் சாயங்காலம் திடீர்னு ஒரு காத்து கிளம்பும் பாருங்க, அது கூரையைப் பார்த்துத்தான் வரும்.

எங்க வீட்டு முன்பக்கம் கான்கிரீட். பின்னாடி ரெண்டு ரூம், மேல சிமென்ட் ஷீட். அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போறவங்க, ரெண்டு சின்னப் பிள்ளைக. வாடகை மாசம் 2,000.

வீட்டுக்கு பாலிசி நான்தான் ஆன்லைன்ல அப்பா பேருக்கு எடுத்துக் கொடுத்தேன். 2021 ஏப்ரல் 1ல இருந்து வீடுகளுக்கு 'பாரத் கிரக ரக்‌ஷா'ன்னு ஒரே மாதிரியான பாலிசியை பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்கணும்னு ஐஆர்டிஏஐ கொண்டு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், வெடிவிபத்து எல்லாம் அதுல அடக்கம். வெடிவிபத்துங்கற வார்த்தையைப் பார்த்துத்தான் எடுத்தேன். 2021 பிப்ரவரி 12 அன்னைக்கு எங்களுக்குப் பக்கத்துல அச்சன்குளத்துல பட்டாசு ஆலை வெடிச்சு இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் எங்க ஊர்க்காரன் எவனும் அந்த வார்த்தையை சும்மா தாண்டிப் போக மாட்டான்.

கடைசியில எங்க கூரையைத் தூக்கினது வெடி இல்ல, காத்து. 2023 மே மாசம். பத்து ஷீட்டும் போச்சு. சிலது பறந்துச்சு, சிலது கிடந்த இடத்துலயே விரிசல் விட்டுச்சு. யாருக்கும் அடி இல்ல. சர்வேயர் வந்து போட்டோ எடுத்தாரு, அளந்தாரு, போனாரு. ஜூலையில அப்பா கணக்குல 52,000 ரூபாய் விழுந்தது. ஷீட், இரும்பு பைப், சுவரோட மேல்வரிசை, வயரிங், கூலி எல்லாம் சேர்த்து கொத்தனார் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இங்கதான் அப்பா ஒரு திட்டம் போட்டாரு. மூணு ஷீட் மட்டும் வாங்கி அவங்க படுக்கிற பக்கம் போட்டாச்சு. மிச்ச இடத்துக்கு தார்ப்பாய், மேல செங்கல் பாரம். மொத்தச் செலவு 9,000. மீதி 43,000ஐ நகைக்கடன்ல கட்டிடலாம். அக்கா பிரசவச் செலவுக்கு அடகு போன அம்மாவோட ரெட்டைவடச் சங்கிலி அது. மூணு வருஷமா வட்டி மட்டும் கட்டி மறுஅடகு வெச்சுட்டு இருக்கோம்.

"பிரிமியம் கட்டுனது நாம. காத்து அடிச்சது நம்ம வீட்டுல. காசு வந்தது நம்ம கணக்குக்கு. இதுல எவன்பா கேக்கப் போறான்?" இது அப்பா.

நியாயமா பார்த்தா அப்பா சொன்னதுல முக்கால்வாசி சரி. இன்ஷூரன்ஸ்ங்கறது கூரைக்கான ஒப்பந்தம் இல்ல, நஷ்டத்துக்கான ஒப்பந்தம். நஷ்டம் நடந்துச்சு, அளந்தாங்க, கொடுத்தாங்க. ஓட்டைக் கூரையோட வாழ்றது உங்க இஷ்டம்னா அது உங்க இஷ்டம்தான். அடுத்த காத்துல அதே ஓட்டைக்கு மறுபடி காசு கேட்டா கிடைக்காது, அவ்வளவுதான்.

டாலஸ்ல இருக்குற என் காலேஜ் நண்பன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். அங்க ஆலங்கட்டி மழை பெஞ்சா தெரு முழுக்க கூரை க்ளைம்தான். நிறைய பாலிசியில முதல்ல தேய்மானத்தைக் கழிச்சுட்டு ஒரு செக் வருமாம். வேலையை முடிச்சு பில்லைக் காட்டினாத்தான் மீதி. வீட்டு மேல கடன் இருந்தா செக்ல பேங்க் பேரும் சேர்ந்து இருக்குமாம். "ரிப்பேர் பண்ணாம காசை வெச்சுக்கலாமா"ங்கறது அவங்க ஊர்ல ரொம்ப சாதாரணக் கேள்வின்னு சொன்னான்.

நம்ம ஊர்லயும் இந்த ஏற்பாடு இல்லாம இல்ல. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு எடுக்குற தீ பாலிசியில, திரும்பக் கட்ட ஆகுற முழுச் செலவையும் கொடுக்குற ஷரத்தைச் சேர்த்துக்கலாம். ஆனா 12 மாசத்துக்குள்ள, இல்லேன்னா கம்பெனி எழுத்துல கொடுக்குற கூடுதல் அவகாசத்துக்குள்ள, கட்டி முடிச்சாகணும். கட்டலேன்னா தேய்மானம் கழிச்ச காசுதான். பேங்க்ல அடமானம் இருக்குற சொத்துன்னா, பாலிசியிலேயே காசு பேங்குக்குப் போற மாதிரி எழுதியிருப்பாங்க.

அட, அரசாங்கம் வீடு கட்டக் கொடுக்குற காசைப் பாருங்க. 2016ல வந்த பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்துல, கட்டடம் எந்த நிலையில இருக்குன்னு இடக்குறிப்போட போட்டோ எடுத்து ஏத்தினாத்தான் அடுத்த தவணை வரும். ஏழைக்குக் கொடுக்குற காசுக்கு மட்டும் படிக்குப் படி போட்டோ. எங்க அப்பாவுக்கு மொத்தமா கணக்குல வந்து விழுந்துச்சு!

சரி, சட்டம் இதுல மூக்கை நுழைக்கவே இல்லையான்னு தேடினேன். பொட்டி தட்டுறவனுக்கு ராத்திரியில வேற என்ன வேலை. 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம், 49ஆம் பிரிவு. தீக்கு இன்ஷூர் பண்ணின வீட்டை நீங்க வித்துட்டீங்க, அப்புறம் வீட்டுக்குச் சேதம் வந்து, உங்களுக்கு பாலிசி பணம் கைக்கு வருது. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, அந்தப் பணத்தைப் போட்டு வீட்டைச் சரி பண்ணுன்னு வாங்கினவர் உங்களைக் கேட்கலாம். இங்கிலாந்துல இன்னும் பழசு. 1774லயே ஒரு சட்டம். தன் வீட்டுக்குத் தானே தீ வெச்சுட்டு காசு வாங்குற ஆளுங்களைத் தடுக்க, அந்தக் கட்டடத்துல உரிமை இருக்குற யார் கேட்டாலும் காசை உரிமையாளர் கையில கொடுக்காம கட்டடத்துலயே செலவு பண்ண வைக்கலாம்னு வெச்சாங்க. வாடகைக்கு இருக்கிறவரும் அதுல வருவாரு. நம்ம 49ல வாடகைக்காரர் இல்ல.

எனக்கு இதையெல்லாம் விட லிவர்பூல் கேஸ்தான் பிடிச்சது. கேஸ்டலெய்ன் எதிர் பிரஸ்டன், 1883. பிரஸ்டன் தன் வீட்டை விக்க ஒப்பந்தம் போட்டாச்சு. கிரயம் முடியறதுக்குள்ள தீ. இன்ஷூரன்ஸ் கம்பெனி 330 பவுண்ட் கொடுத்துச்சு. அப்புறம் வாங்கினவர் ஒப்பந்தப்படி ஒரு பைசா குறைக்காம முழு விலையும் கொடுத்துட்டாரு. கம்பெனி கேஸ் போட்டுச்சு. காசைத் திருப்பிக் கொடுன்னு தீர்ப்பு. காரணம் ரொம்ப சிம்பிள்: உனக்கு நஷ்டமே ஆகலையேப்பா! எரிஞ்ச வீட்டுக்கு எரியாத விலை வந்துடுச்சு, அப்புறம் எரிஞ்சதுக்கு எதுக்குத் தனியா காசு?

இதைப் படிச்சதும் எனக்கு எங்க வீட்டு வாடகை ஞாபகம் வந்துச்சு.

மே மாசம் கூரை போச்சு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், நாலு மாசமும் அவங்க 2,000 ரூபாய் வாடகையை 5ஆம் தேதிக்குள்ள கொண்டாந்து கொடுத்தாங்க. ஒரு தடவைகூட குறைக்கச் சொல்லிக் கேட்கல. கூரை இருந்தப்ப என்ன வாடகையோ அதே வாடகை. அதாவது போன கூரைக்கு இன்ஷூரன்ஸ் காசு நம்ம கையில, இல்லாத கூரைக்கு வாடகையும் நம்ம கையில. கூரை போனதால எங்களுக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல. நஷ்டம் முழுக்க தார்ப்பாய்க்குக் கீழ இருக்கு. வீடு இருக்க லாயக்கில்லாமப் போய் வாடகை நின்னா அதுக்கும் இதே பாலிசியில காசு உண்டு. வாடகைங்கறது கூரையோட சேர்ந்ததுன்னு இன்ஷூரன்ஸ்காரனுக்கே தெரிஞ்சிருக்கு!

அவங்களுக்கு சட்டத்துல வழியே இல்லையான்னா, இருக்கு. அதே 1882 சட்டம், 108ஆம் பிரிவு. வீட்டுக்காரர் செஞ்சாக வேண்டிய ரிப்பேரை, சொல்லியும் செய்யலேன்னா, குடியிருக்கிறவர் தானே செஞ்சுட்டு செலவை வாடகையில கழிச்சுக்கலாம். ஆனா வாய்மொழியா பேசி, அட்வான்ஸ் 10,000 கொடுத்து, வேலைக்குப் பக்கத்துல வீடு கிடைச்சதே பெருசுன்னு இருக்குறவங்க யாரு போய் 108ஆம் பிரிவு பேசுவாங்க?

இன்னொண்ணும் இருக்கு. தீபாவளி முடிஞ்சதும் பட்டாசு ஆலைகளுக்குக் கொஞ்ச நாள் லீவு. வேலை இல்ல, கூலி இல்ல, வீட்டுலயே இருக்கணும். சரியா அப்பதான் எங்க பக்கம் வடகிழக்குப் பருவமழை. வருஷம் முழுக்க ஆலைக் கூரைக்குக் கீழ உயிரைக் கையில பிடிச்சு உக்காந்து இருக்குறவங்களுக்கு, ராத்திரி படுக்குற கூரையாவது ஒழுங்கா இருக்க வேண்டாமா?

லீவுக்கு ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட லிவர்பூல் கதையைச் சொன்னேன். 108, 49 எல்லாம் சொல்லல, சொன்னா சாமி ஆடிடுவாரு. கதையை மட்டும் சொன்னேன். கேட்டுட்டு, "அவன் வீட்டை வித்தான். நான் விக்கலையே"ன்னாரு.

"நாமளும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வித்துக்கிட்டுத்தானப்பா இருக்கோம்"னேன்.

பதிலே வரல. வெத்தலையை எடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டாரு. அம்மாதான் உள்ள இருந்து, "சங்கிலி பேங்க்ல பத்திரமாத்தான் இருக்கு. அது நனையாது"ன்னாங்க. அவங்க சங்கிலி. அவங்களே சொன்னதுக்கப்புறம் பேச என்ன இருக்கு.

அக்டோபர் ரெண்டாவது வாரம் கொத்தனார் வந்தாரு. தார்ப்பாயைக் கழட்டி, பைப்பெல்லாம் மாத்தி, மீதி ஏழு ஷீட்டும் போட்டாச்சு. செலவு 43,000த்தைத் தாண்டி இன்னொரு 4,000 ஆச்சு. அப்பா அவங்ககிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கல, அது அவர் அகராதியிலேயே கிடையாது. "ரெண்டு மாசம் வாடகை வேணாம்"னு மட்டும் சொல்லியிருக்காரு. ஏன்னு அவங்களும் கேட்கல.

2023 டிசம்பர் 17, 18ல தென் மாவட்டங்கள்ல பெஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு. அந்த அளவுக்கு இல்லேன்னாலும் எங்க பக்கமும் விடாத மழை. ராத்திரி போன் பண்ணி பின்னாடி ஒழுகுதான்னு கேட்டேன். இல்லன்னாரு அப்பா. ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்திருக்காரு, அம்மா சொல்லித்தான் தெரியும்.

சங்கிலி இன்னும் பேங்க்லதான் இருக்கு. வட்டி ஓடிட்டுதான் இருக்கு. என் சம்பளத்துல மாசம் கொஞ்சம் அனுப்புறேன், எப்ப மீட்போம்னு தெரியல. அதனால "கூரை போட்டோம், எல்லாம் சுபம்"னு முடிக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு இருந்துச்சு, ஒண்ணு ஆச்சு.

உங்கள்ல நிறைய பேரும் என்னை மாதிரி ஊர்ல இருக்குற வீட்டுக்கு இங்க உக்காந்து பாலிசி எடுத்தவங்கதான். க்ளைம் பணம் வந்து, ரிப்பேர் அப்புறம் பாத்துக்கலாம்னு தோணுச்சுன்னா, அந்தக் கூரைக்குக் கீழ யார் படுக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. நீங்க மட்டும்தான்னா உங்க காசு, உங்க ஒழுக்கு, அனுபவிங்க. வாடகை கொடுத்துட்டு வேற ஒருத்தர் படுக்கிறாருன்னா, அதுல பாதிக்கு மேல அவரோட காசு.