மியாட்டாவும் மேல் மவுண்டும்

மாஸ்டா மியாட்டா என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். ஓட்டப் பிரியப்படுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வாங்கியவர்களில் பலர் குட்டையான ஸ்பிரிங் மாட்டி காரைத் தாழ்த்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தாழ்த்திய அளவுக்கு ஷாக் அப்சார்பர் அமுங்கும் இடம் குறைகிறது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு மேடு குறுக்கிட்டால், ஷாக் 'பம்ப் ஸ்டாப்' எனும் தடுப்பில் போய் முட்டும். அந்த நொடியில் அந்தப் பக்கம் கல்லாக இறுகிவிடும். டயரின் பிடி நழுவி கார் சுழன்றுவிடவும் கூடும்.

இதற்கு ஒரு வழி ஷாக்கின் தலையில் இருக்கும் மேல் மவுண்டை மாற்றுவது. 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை மியாட்டாவின் மவுண்ட், ஷாக் அமுங்கக் கூடுதல் இடம் தருகிறது. உரிய புஷ், வாஷர்களோடு மாட்டினால் முதல் தலைமுறைக் காரிலும் பொருந்தும். பழைய ரப்பர் நைந்து 'கடகட' என்று சத்தம் போட்டிருந்தால் அதுவும் நின்றுவிடும்.

செலவுக் கணக்கு பார்த்தால், புது ஷாக் போடும்போதே இதையும் மாற்றுவதுதான் லாபம். இரண்டு முறை கழற்றும் கூலி மிச்சம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அமுக்கிப் பிடிக்கும் கருவியால் ஸ்பிரிங்கை இறுக்காமல் நடு நட்டைக் கழற்றினால், அது தெறித்து ஆளையே காயப்படுத்திவிடும். கருவி இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.