பரிமாறுகிறவளுக்கும் ஒரு நாற்காலி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. மண்ணூரில் எங்கள் வீடும் அப்படித்தான். இவருக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகுதான் என் மாமியார் சாப்பிட உட்காருவார். குண்டான் அடியில் இருக்கிற சோறும் மோரும்தான். காய் மிஞ்சினால் உண்டு. கூப்பிட்டால், "நீ சாப்புடும்மா, நான் அப்பறமா பாத்துக்கறேன்" என்பார்.

2019-ல் அத்தைக்கு அடிக்கடி தலை சுற்றியது. ரத்தத்தைச் சோதித்தால், ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல யார் கடைசியா சாப்பிடறது?" என்று கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

அந்த டிசம்பரில் எங்கள் கல்யாண நாள் வந்தது. சென்னை நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டல் ஓட்டலில் உள்ள 'பிரீகோ' என்ற இத்தாலிய உணவகத்துக்கு எல்லோரும் போகலாம் என்றார் இவர். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நான் வூட்டைப் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. "ஆயா வரலைன்னா நானும் வரலை" என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். தண்டலம் வந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, பூந்தமல்லி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

பிரீகோ என்றால் இத்தாலிய மொழியில் 'வாருங்கள், உட்காருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உபசரிக்கிற வார்த்தையாம். பரிமாறுகிற தம்பி சொன்னதும், "நம்மூர்ல வாங்க, சாப்பிடுங்கன்னு சொல்ற மாதிரிதானே?" என்றார் அத்தை. அவருக்கு இருந்த பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

நாம் சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிடுகிற மாதிரி அவர்களுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் சிறு பலகாரம், பிறகு சூப்போ பாஸ்தாவோ அரிசியோ, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. காய்களும் பீன்ஸ் பயறும் போட்ட 'மினஸ்ட்ரோனே' சூப் வந்ததும் அத்தை வழக்கம்போல எழுந்து பேரன் பக்கம் போனார். அந்தத் தம்பி, "நீங்க உக்காருங்கம்மா, அது என் வேலை" என்று சிரித்தார்.

அடுத்து 'ரிசோட்டோ'. குட்டையான இத்தாலிய அரிசியை வெண்ணெயில் வறுத்து, கொதிக்கிற காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுகிறார்கள். நம் வெண்பொங்கல் பதம். ஆறினால் இறுகிவிடும் என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "சூடா இருக்குதும்மா" என்றார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு நிமிடம் எங்கள் மேஜையில் யாரும் பேசவில்லை.

இத்தாலிய உணவு சாப்பிடப் போகும் சைவச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அசல் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். 'திராமிசு' என்ற இனிப்பில் முட்டை உண்டு. 'பன்னா கோட்டா'வில் பொதுவாக ஜெலட்டின் சேர்ப்பார்கள். ரிசோட்டோவில் ஊற்றுவது கோழிச் சாறாகவும் இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். நாங்களும் கேட்டுத்தான் சாப்பிட்டோம். அத்தை கடைசியில் பழங்கள் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது இவர் காரில், "இனிமே ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காரணும். எடுத்து வெக்கறது என் வேலை" என்றார். முதல் இரண்டு வாரம் அத்தை அப்பளம், தண்ணீர் என்று ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்தார். எல்லாப் பாத்திரத்தையும் முதலிலேயே கீழே பரப்பி வைத்த பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது. ஷிப்ட் நாட்களில் சேர்ந்து சாப்பிட முடியாது. அதனால் கீரையும் காயும் இறக்கியவுடனே அத்தைக்கும் எனக்கும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவிடுகிறோம். சாப்பிட்டவுடன் காபி குடிப்பதையும் நிறுத்தினோம். காபியும் டீயும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர உதவும்.

ஆறு மாதம் கழித்து அத்தைக்கு ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. மாத்திரையின் பங்குதான் அதிகம் என்றார் டாக்டரம்மா. ஆனால் கிண்ணத்தை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணம் பல இருக்கலாம். கடைசியாகச் சாப்பிடுவது அதில் ஒன்றாக நம் வீட்டில் இருக்க வேண்டாமே! பெரிய ஓட்டலுக்குப் போய்த்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இன்று ராத்திரி குழம்பை இறக்கியதும் முதல் கரண்டியை உங்கள் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள்.