ஓடும் நீரில் நிற்கும் கலை

பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது பரம்பிக்குளம். ஆனால் அங்கே போக, தமிழ்நாட்டுக்குள் வந்தாக வேண்டும். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று மலையேறும் சாலை பிறகுதான் கேரளத்துக்குள் நுழைகிறது. எல்லையின் விசித்திரம் இதோடு முடியவில்லை. அணை நிற்பது கேரள மண்ணில். அதை இயக்குவது தமிழக அரசு.

இந்த நீர்த்தேக்கத்திலும் இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியிலும் வனத்துறை மூங்கில் தெப்பப் பயணம் நடத்துகிறது. இரண்டும் புலிகள் காப்பகங்கள் என்பதால் சொந்தப் படகோடு யாரும் இறங்கிவிட முடியாது. அகலமான தெப்பம் அவ்வளவு எளிதில் கவிழாது. ஆனால் இன்றைய இளைஞர்களை இழுப்பது வேறொன்று: நின்றபடியே துடுப்புப் போடும் பலகை. சென்னையை அடுத்த கோவளம் கடலில் பழகியவர்கள் அடுத்து ஆற்றை நினைக்கிறார்கள். ஆறு வேறு பாடம்.

முதல் பாடம் எடை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது, சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எடை உயரத்தில் இருந்து, அது பக்கவாட்டில் நகர்ந்தால் எந்த மிதவையும் புரளும். ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத பலகையில் நிற்பவருக்கு இதுவே முழு இலக்கணம்.

எனவே முதலில் முழங்காலிட்டுத் துடுப்புப் போட வேண்டும். பிறகு பலகையின் நடுவில், பாதங்களைத் தோளகலத்துக்கு விரித்து எழ வேண்டும். முழங்கால் தளர்ந்திருக்கட்டும், பார்வை பாதத்தில் அல்ல, போகும் திசையில். நீர் குலுங்கும் இடத்தில் ஒரு காலைச் சற்றுப் பின்னே வைத்தால் பிடிமானம் கூடும். துடுப்பு நீருக்குள் இருக்கும்வரை அது மூன்றாவது கால். தூக்கிப் பிடித்துக்கொண்டு தத்தளிப்பவர்தான் முதலில் விழுகிறார்.

பாறைக்குப் பின்னால் நீர் அடங்கி, மேல்நோக்கித் திரும்பும். ஆற்றில் ஓய்விடம் அதுதான். அங்கிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது நீர் போகும் பக்கம் சாய வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், வரும் நீர் பலகையின் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும்.

விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயல்வதுதான் பேராபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓடும் நீர் ஆளையே அமுக்கிவிடும். கடலில் செய்வதுபோலக் கணுக்காலில் பலகையின் கயிற்றைக் கட்டுவதும் கூடாது. பாறையிலோ மரக்கிளையிலோ கயிறு சிக்கினால், பாயும் நீரில் குனிந்து அவிழ்க்க முடியாது. ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டைதான் ஆற்றுக்கு. தலைக்கவசமும் மிதவை அங்கியும் கட்டாயம்.

இவ்வளவும் கற்றவரையும் ஏமாற்றக்கூடியது இந்த மலைத்தொடரின் நீர். பல ஆறுகளின் ஓட்டத்தை இங்கே மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, அணைகளும் தீர்மானிக்கின்றன. 2022 செப்டம்பரில், நள்ளிரவு கடந்த நேரத்தில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தது. விடிவதற்குள் சாலக்குடி ஆற்றங்கரைக்கு வெள்ள எச்சரிக்கை பறந்தது. உடைப்பு அபூர்வம், ஆனால் நீர் திறப்பு வழக்கமானது. மேலே மதகு திறந்தால், கீழே வெயிலில் பளபளக்கும் பாறை சிறிது நேரத்தில் மூழ்கிப்போகும்.

அதனால் இந்தப் பக்கத்து ஆற்றில் இறங்க நினைப்பவர் கரையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆழம் பற்றியது அல்ல. மேலே எந்த அணை, அதை யார் திறக்கிறார்கள், இன்று திறப்பார்களா? பதில் கிடைக்காவிட்டால் பலகை கரையிலேயே இருக்கட்டும்.