ஓவியர்க்கு அமைந்த அவை

காஞ்சி மாநகரின் மேல்பால் கைலாசநாதர் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. அதன் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு கோட்டங்களின் சுவர்களில் பல்லவர் கால ஓவியங்கள் உண்டு. பிற்காலத்தார் பூசிய சுண்ணத்தின்கீழ் மறைந்து கிடந்த அவற்றை, 1931-இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். சோமாஸ்கந்தர் திருவுருவின் கோடுகள் இன்றும் ஆங்காங்கே புலனாகின்றன. மன்னன் தன் விருதுப்பெயர்களை நூற்றுக்கணக்கில் கல்லில் பொறித்துக்கொண்டான். தீட்டிய ஓவியன் பெயரோ ஓரிடத்தும் இல்லை.

முடியாட்சி நீங்கிய நாட்டில் கலைஞரைப் புரப்பவர் யாவர்? இவ்வினாவுக்கு விடையாகவே இந்திய அரசு மூன்று கழகங்களை நிறுவியது. இசைக்கும் நாடகத்துக்கும் ஒன்று 1953-இலும், இலக்கியத்துக்கு ஒன்று 1954 மார்ச்சிலும் தொடங்கப்பெற்றன. ஓவியம், சிற்பம் முதலியவற்றுக்குரிய லலித கலா அக்காதெமியைக் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1954 ஆகஸ்டு 5-ஆம் நாள் புதுதில்லியில் தொடங்கிவைத்தார்.

அதன் முதல் தலைவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. வங்கத்திற் பிறந்தவராயினும், சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் விளங்கியவர். மெரீனாக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்க முயலும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவரே.

பொருள் உதவுவது அரசு. நடத்துவது பொதுக்குழுவும் செயற்குழுவும். சென்னை, கல்கத்தா, இலக்னோ, புவனேசுவரம் முதலிய இடங்களில் வட்டார மையங்கள் உள்ளன. தேசியக் கண்காட்சி நடத்துதல், பரிசளித்தல், நூல் வெளியிடுதல் ஆகியன அதன் பணிகள். அங்கே ஓவியன் பெயர் படத்தின் அருகிலேயே எழுதப்பெறுகின்றது! ஆயினும், பொருள் தருபவர் கை ஓங்குதல் எக்காலத்தும் உள்ளதே. 2015-இல் பண்பாட்டு அமைச்சகம் கழகத்தின் நிருவாகத்தைத் தானே மேற்கொண்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் தலைவர் அமர்த்தப்பெற்றார்.

இனி, காஞ்சி நெசவாளன் நிலை யாது? கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்பவர் ஒருபுறமிருந்து நாடாவைச் செலுத்த, துணையாள் மறுபுறமிருந்து கரை நாடாவைச் செலுத்துவார். ஒவ்வோர் இழையிலும் இருநிறமும் பின்னிக் கோத்துக்கொள்ளும். அன்னமும் மயிலும் யாளியும் கரையில் உருப்பெறும். இதனை நுண்கலை எனல் மிகையன்று. எனினும் நாட்டின் ஏற்பாட்டில் ஓவியன் கலைஞன், நெசவாளன் தொழிலாளி. நெசவு நுண்கலைக் கழகத்தின் எல்லையுள் வாராது, கைத்தறித் துறையின்பாற் சென்றது. கோயிற்சுவரில் வரைந்த கைக்கும் பட்டில் வரையும் கைக்கும் இடையே இவ்வளவு தொலைவு வேண்டுவதன்று.

அத்தொலைவைக் கடந்தோரும் உளர். சாந்திநிகேதனத்தில் பயின்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன், 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றினார். காஞ்சியிலும் நெசவாளர் சேவை மையம் ஒன்று உள்ளது. கட்டமிட்ட தாளில் முதலில் வரையப்பெறும் பூவே பின்னர்த் தறியில் ஏறுகின்றது.