விழுந்த எழுத்தின் இடம்

எங்கள் மத்ரஸாவில் ஓதும் மூத்த மாணவர்கள், அஸருக்குப் பின் ஆங்கில விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தித் தருமாறு கொண்டுவருவதுண்டு. ஸர்ஃபிலும் நஹ்விலும் தேர்ந்த பிள்ளைகள். ஆயினும், ‘டஸின்ட்’ என்று எழுதும்போது அபாஸ்ட்ரபி என்னும் அந்தச் சிறு கொக்கியைப் பெரும்பாலோர் ‘எஸ்’ஸுக்கும் ‘என்’னுக்கும் நடுவில் இட்டுவிடுகின்றனர். கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அவர்களின் நஹ்வு தெரியப்போவதில்லை. கண்ணில் படுவது இந்தக் கொக்கிதான். அதைக் கொண்டே ஒரு பிள்ளையின் கல்வி எடைபோடப்படுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. எனினும், உலக நடைமுறை அதுவே.

இப்பிழைக்கு ஒரு காரணம் உண்டு. ‘டஸ்’, ‘நாட்’ ஆகிய இரு சொற்கள் ஒட்டும் இடத்தைக் காட்டவே அக்குறி வருகிறது என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒட்டின் அடையாளம் அன்று. விழுந்த எழுத்தின் அடையாளம். ‘நாட்’டின் நடுவிலிருந்த ‘ஓ’ விழுந்தது. ஆகவே, ‘என்’னுக்கும் ‘டி’க்கும் இடையில்தான் கொக்கிக்கு இடம். இஸின்ட், டிடின்ட், குடின்ட் அனைத்துக்கும் இதுவே விதி.

அரபு ஓதுவோருக்கு இது புதிதன்று. ‘இன்’, ‘லா’ இரண்டும் சேர்ந்து ‘இல்லா’ ஆகும்போது நூன் எழுத்தில் மறைகிறது. அது கலந்த லாமின் மேல் ஷத்து நிற்கிறது. (அதன் பொருளும் ‘இல்லாவிட்டால்’ என்பதே, தமிழ்ப் பிள்ளைகள் இதை மறப்பதேயில்லை.) இந்த ஒப்புமையைச் சொன்ன பிறகு, கொக்கி இடம் மாறுவது வெகுவாகக் குறைந்தது.

முரண்டு பிடிப்பவை சில உண்டு. ‘வில் நாட்’ சுருங்கினால் ‘வோன்ட்’ ஆவானேன்? ‘வில்’லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் ‘வோல்’ என்றொரு வடிவமும் வழங்கியது. அது அழிந்தபின்னும் அதன் மறுப்பு மட்டும் நிலைத்துவிட்டது. ‘ஷான்ட்’டில் ‘ஓ’வோடு இரண்டு ‘எல்’களும் விழுகின்றன. அதனால் முற்காலத்தில் அதற்கு இரண்டு கொக்கிகள் இட்டோரும் உண்டு. ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், ‘கான்ட்’, ‘வோன்ட்’ ஆகியவற்றுக்கும் இரண்டிரண்டு கொக்கிகள் வேண்டும் என்று 1893இல் வெளியான தம் நூலின் முன்னுரையில் வாதிட்டார். தர்க்கப்படி அவர் சொன்னது சரியே, உலகம் கேட்கவில்லை. பெர்னார்ட் ஷாவோ இத்தகைய மறுப்புச் சொற்களில் கொக்கியே வேண்டாம் என்று விட்டெழுதினார். அதையும் உலகம் கேட்கவில்லை.

கொக்கியை விட்டுவிட்டால் என்ன குறை என்று ஒரு மாணவர் கேட்டார். கொக்கியற்ற ‘வோன்ட்’டின் எழுத்துகள் ‘வழக்கம்’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாகும். ‘கான்ட்’டின் எழுத்துகள் ‘போலிப் பேச்சு’ என்றாகும். இரண்டும் அகராதியில் உள்ளவை என்பதால், கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் வாய் திறக்காது.

விண்ணப்பம், ஒப்பந்தம் போன்றவற்றில் சுருக்கமே வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பு என்பது ஒரு சிறு கோட்டில் தொங்கக் கூடாத செய்தி. ‘டு நாட்’, ‘வில் நாட்’ என்று விரித்தே எழுதச் சொல்கிறேன். ‘கேனாட்’ மட்டும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக, இரண்டு ‘என்’களோடு வரும்.