பறக்கும் தட்டு கோப்புகள்: முதல்ல எதைத் திறக்கணும்?

1/
அமெரிக்க அரசு தன் கையில் இருக்கும் பறக்கும் தட்டு ஆதாரங்களை வெளியிடணும்னு அங்கே பல வருஷமா கோரிக்கை இருக்கு. அதுக்குள்ளேயே இன்னொரு விவாதம்: வெளியிடுவதா இருந்தா எதை முதலில் வெளியிடுவது? வீடியோவா? விழுந்த கலத்தின் துண்டா? "உடல்" என்று சொல்லப்படுவதா?

என் பதில் இந்த மூணுமே கிடையாது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோட உட்காருங்க.

2/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அரைகுறைத் தகவலை வெச்சு முடிவுக்கு வந்தா என்ன ஆகும்னு தினமும் பார்க்கிற தொழில் என்னோடது. அந்த உரிமையில்தான் எழுதுறேன்.

3/
முதல்ல பெயர். யூஎஃப்ஓ என்றால் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். அவ்வளவுதான்.

எங்க வார்டில் "காரணம் தெரியாத காய்ச்சல்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். அது ஒரு நோயின் பெயர் கிடையாது. "இன்னும் தேடணும்" என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். அதைப் பார்த்துட்டு யாராவது "அப்போ புது வைரஸ்தான்" என்றால் எப்படி இருக்கும்? யூஎஃப்ஓ = வேற்றுக்கிரகவாசி என்பதும் அதே கதைதான்.

4/
சரி, வீடியோவுக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படை விமானங்கள் 2004லும் 2015லும் எடுத்த 3 வீடியோக்களை பென்டகன் 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அதில் ஒன்றின் பெயர் "கோ ஃபாஸ்ட்". கடலை ஒட்டி ஏதோ ஒன்று அசுர வேகத்தில் பறப்பது போலத் தெரியும். விமானிகள் உற்சாகத்தில் கத்துவதும் கேட்கும். உலகமே பார்த்தது.

5/
2023 செப்டம்பரில் நாசா நியமித்த நிபுணர் குழு தன் அறிக்கையில் அந்த வீடியோவின் திரையில் இருந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டது. விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருள் இருக்கும் தூரம். வந்த விடை: அது கடலை ஒட்டிப் பறக்கவே இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருந்தது. வேகம் மணிக்குச் சுமார் 40 மைல். ஏறக்குறைய காற்றடிக்கும் வேகம்.

ஓடுற ரயிலில் இருந்து பார்த்தா மரம் பின்னாடி ஓடுதே, அந்த மாதிரி. வேகமாகப் போனது விமானம்.

6/
கவனிங்க, இந்தப் புதிரை அவிழ்த்தது படம் இல்லை. படத்தின் ஓரத்தில் இருந்த எண்கள். அவை இல்லாமல் வெறும் படம் மட்டும் வந்திருந்தால் இன்னும் 50 வருஷம் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருப்போம்.

7/
எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி எக்ஸ்ரே படங்கள் வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து, சாய்வாக எடுத்த போட்டோ. பெயர் இல்லை, வயசு இல்லை, இடது வலது தெரியாது. கூடவே ஒரு வரி: "டாக்டர், இந்த வெள்ளையா இருக்கிறது என்ன? பயமா இருக்கு."

நான் என்ன சொல்ல முடியும்? அது கட்டியாக இருக்கலாம், ஆறிப்போன பழைய டிபி தழும்பாக இருக்கலாம், சட்டை பட்டனாகவும் இருக்கலாம். ஒரிஜினல் ஃபிலிமோடு ஆளையும் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்வேன். அதுவரைக்கும் அந்தக் குடும்பம் தூங்காது. அரைகுறை ஆதாரம் செய்ற வேலை அதுதான். பயத்தைத் தரும், பதிலைத் தராது.

8/
அடுத்து, துண்டு. 1947இல் விழுந்த கலத்தில் இருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மெக்னீசியம் உலோகத் துண்டை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் பரிசோதித்தது. 2024இல் முடிவு வந்தது: பூமியில் உருவான பொருள்தான். கையில் கொடுத்தால் சோதிக்கலாம், விடை வரும். நல்லது. ஆனா எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறியது என்ற பதிவு இல்லாத சாம்பிளுக்கு எந்த லேபும் முழு பதில் தர முடியாது.

9/
அப்புறம் "உடல்". 2023 ஜூலையில் டேவிட் கிரஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி, மீட்கப்பட்ட கலங்களோடு மனிதரல்லாத உயிரியல் பொருட்களும் கிடைத்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். தான் நேரில் பார்க்கவில்லை, நேரடியாக அறிந்தவர்கள் சொன்னார்கள் என்றார். பென்டகன் மறுத்தது.

இவ்வளவு பெரிய விஷயத்தை நிரூபிக்கத் தேவைப்படுவது ரொம்பச் சின்னது: கொஞ்சம் திசு, தனித்தனியா இரண்டு லேப், வெளியிடப்பட்ட ரிப்போர்ட்.

10/
அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2003இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 15 செ.மீ. நீள எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. கூம்பு மாதிரி தலை. வேற்றுக்கிரகவாசி என்று உலகம் முழுக்கச் சுற்றியது. 2018இல் மரபணு ஆய்வு வெளியானது. அது மனிதக் குழந்தை. பெண் சிசு.

யாரோ ஒரு அம்மா பெற்று, துணியில் சுற்றிப் புதைத்த பிள்ளை. அதைத் தோண்டி எடுத்து நாடு விட்டு நாடு கொண்டு போய் வேடிக்கை காட்டியதற்கு சிலியில் கடும் எதிர்ப்பு வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மனசு கனத்த இடம் இதுதான்.

11/
அப்போ முதல்ல எதைத் திறக்கணும்? விடை கண்டுபிடித்து மூடிய கேஸ்களை.

சிரிக்காதீங்க. லேபில் ஒரு மெஷினை நம்புவதற்கு முன்னாடி, விடை ஏற்கெனவே தெரிந்த சாம்பிளை அதில் ஓட்டிப் பார்ப்பாங்க. அது சரியா வந்தாத்தான் நோயாளியின் ரத்தத்தையே வைப்பாங்க.

12/
2021 ஜூன் அறிக்கையில் அமெரிக்க உளவுத்துறை 144 நிகழ்வுகளைச் சொன்னது. உறுதியாக விளக்க முடிந்தது 1 மட்டும். காற்றிறங்கிய பெரிய பலூன். 2024 நவம்பர் அறிக்கையில் 757 புதிய பதிவுகள். அதில் கூடுதல் ஆய்வு தேவை என்று சொல்லப்பட்டவை 21.

பல கேஸ்களைப் பலூன், பறவை, ட்ரோன், செயற்கைக்கோள்னு முடிச்சாங்க. எப்படி முடிச்சாங்க? ரேடார் பதிவு, நேரம், இடம், கணக்கு எல்லாத்தையும் சேர்த்துப் போடுங்க. வெளியாட்கள் சரிபார்க்கட்டும். கணக்கு சரின்னா மிச்சமிருக்கும் 21க்கு மதிப்பு கூடும். தப்புன்னா அங்கேயே மாட்டிக்குவாங்க. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் லாபம்தான்.

13/
"ராணுவ ரகசியம் வெளியே போயிடுமே?" உண்மையான சிக்கல். பல சமயம் ரகசியம் என்பது படத்தில் இருக்கும் பொருள் கிடையாது, படம் எடுத்த கேமரா. போர் விமானம் சுதந்திர தேவி சிலையைப் படம் எடுத்தாலும் அது ரகசியம்தான்னு 2023 மே மாத நாசா கூட்டத்திலேயே சொன்னாங்க. அதனாலும்தான் சொல்றேன், பலூன்னு முடிவான கேஸில் இருந்து ஆரம்பிங்க. பேரம் பேச அதுதான் சுலபமான இடம்.

14/
சந்தேகப்படுறவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 1947இல் ராஸ்வெல்லில் விழுந்ததை வானிலை பலூன் என்றார்கள். சோவியத் அணு சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய மோகல் திட்ட பலூன் என்று அமெரிக்க விமானப்படை சொன்னது 1994இல். 47 வருஷம்! நோயாளியிடம் ஒருமுறை பாதி உண்மை சொன்ன டாக்டர், அடுத்த முறை முழு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

15/
இரண்டாவதாக வெளிவர வேண்டியது, பெயர்களை நீக்கிய சாட்சிகளின் பதிவு. முன்னாள் கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ் 2023இல் அதே குழு முன் பேசினார். வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் இரண்டு போர் விமானங்களுக்கு நடுவே ஒரு பொருள் கடந்து போனதாம். கேலிக்கும் வேலைக்கும் பயந்து பல விமானிகள் இதையெல்லாம் சொல்வதே இல்லை என்றார்.

இந்தப் பயம் எனக்கு நல்லாத் தெரியும். வலிப்பு வந்ததை என்னிடம் மறைக்கிற டிரைவர் கெட்டவர் கிடையாது. சொன்னா லைசென்ஸ் போகும், வீட்டில் அடுப்பு எரியாது. ஆனா அவர் மறைத்தால் ஆபத்து பஸ்ஸில் இருக்கும் 50 பேருக்கு. வானத்திலும் அதேதான். அது பலூனோ ட்ரோனோ, விமானத்தில் மோதினால் உயிர் போகும். சொன்னவருக்கு ஒன்றும் ஆகலைன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவர் வாயைத் திறப்பார்.

16/
இந்த வரிசை ஏன் முக்கியம்? 2023 டிசம்பரில் வந்த சட்டப்படி இந்த ஆவணங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகணும். ஆனா எதை வெளியிடலாம்னு தனியாக முடிவு செய்ய முன்மொழியப்பட்ட 9 பேர் குழு, சட்டமாகும் முன்பே நீக்கப்பட்டது. இப்போ எது முதலில் என்பதில் பெரும்பாலும் துறைகள் வைத்ததுதான் வரிசை. மக்கள் பரபரப்பான வீடியோவை மட்டும் கேட்டா, வீடியோ மட்டும்தான் கிடைக்கும்.

17/
ஆக என் வரிசை:
முதலில், முடித்த கேஸ்கள், முழுத் தரவோடு.
இரண்டாவது, சாட்சிகளின் பதிவு, பெயர் நீக்கி.
மூணாவது, விடை தெரியாதவை, திரையில் இருக்கும் எண்களோடு.
கடைசியில், துண்டும் உடலும். இருந்தால் நேரா லேபுக்கு, கேமரா முன்னாடி வேண்டாம்.

18/
"ஒருவேளை உண்மையிலேயே வந்திருந்தா டாக்டர்?"

வந்திருந்தா மனித வரலாற்றிலேயே பெரிய செய்தி அதுதான், எனக்கும் பார்க்க ஆசைதான். அந்தச் செய்தியை உலகம் நம்பணும்னா, அதைச் சொல்றவங்க அதுக்கு முன்னாடி 700 பலூன்களைப் பற்றி உண்மை பேசியிருக்கணும்.

அடுத்த வீடியோ உங்க கைக்கு வரும்போது நாலு கேள்வி கேளுங்க: எப்போ, எங்கே, எந்தக் கருவி, எவ்வளவு தூரம்? நாலுக்கும் பதில் இல்லைன்னா ஃபார்வர்டு பண்ணாதீங்க.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசுவோம்.