ஆளுக்கேற்ற ஆசனம்

மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, கல்லூரியின் புகழையோ ஆசிரியர் பெருமையையோ எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் வல்லார் எழுதுவர். நாம் எழுதப் புகுந்தது, சங்கிலிச் சக்கரம் பூட்டிய பழைய உழவு யந்திரம் ஒன்றின் ஆசனத்தைப் பற்றி. விடயம் சிறிதென்று உடன்கற்றோர் நகைத்தல் கூடும். ஆயினும், கல்லூரியிற் கற்றதைக் கொண்டு நாம் செய்த முதல் வேலை அதுவே. கல்லூரியிற் கல்லாத பாடமொன்றை எமக்குக் கற்பித்த வேலையும் அதுவே.

1978 நவம்பர் 23ஆம் நாள் கீழ்க்கரையைத் தாக்கிய சூறாவளியைக் கண்டோர் மறவார். கல்முனைப் பகுதியிலே தென்னைகள் வரிசை வரிசையாய் வீழ்ந்து கிடந்தன. வாய்க்கால்கள் மரமும் மண்ணும் அடைத்துத் தூர்ந்தன. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், சம்மாந்துறை வட்டைகளிலே துப்புரவு வேலை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு நாம் சேர்ந்தோம். அவரிடமிருந்த யந்திரங்களுள் மூத்தது, ஊரார் ‘டோசர்’ என்று அழைத்த அந்தச் சங்கிலி யந்திரம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, காடு வெட்டிக் கழனி திருத்திய காலத்து யந்திரங்களின் தலைமுறையைச் சேர்ந்தது அது.

சங்கிலிச் சக்கரம் தோன்றியதே சேற்றினால் என்பதை மாணவர் அறிதல் நன்று. கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரை அடுத்த சதுப்பு நிலங்களிலே நீராவி யந்திரங்களின் பெருஞ் சக்கரங்கள் புதைந்தன. அதுகண்ட பெஞ்சமின் ஹோல்ற் என்பவர், சக்கரத்தை நீக்கி மரக்கட்டைகள் கோத்த சங்கிலியைப் பூட்டி, 1904 நவம்பர் 24இல் ஓட்டிப் பார்த்தார். பாரம் பரந்த இடத்திற் பொறுத்தமையால் யந்திரம் புதையவில்லை. சம்மாந்துறைச் சேற்றிலும் எமது யந்திரம் அவ்வாறே புதையாது சென்றது. நிலத்துக்கு அது நன்கு பொருந்தியது, ஓட்டுபவருக்கோ பொருந்தவில்லை.

அதனை ஓட்டியவரைச் சிறியோர் பெரியோர் எல்லாரும் ‘காக்கா’ என்றே அழைப்பர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். ஐம்பதைக் கடந்த வயது. ஆசனத்துக்குப் பின்னே டீசல் தாங்கி. முன்னே திருப்பும் பிடிகள் இரண்டு. கீழே பிறேக்கு மிதிகள் இரண்டு. இவற்றினிடையே காக்காவின் நெடிய கால்கள் மடிந்து கிடக்கும். பிடியை இழுக்குந்தோறும் அது முழங்காலில் இடிக்கும். மாலையில் இறங்கியதும், சங்கிலியைப் பற்றியபடி சிறிது நேரம் நின்ற பின்னரே அவரால் நடக்க முடியும். தொழுகையில் மண்டியிட இயலாமல் வாங்கிலிருந்து தொழத் தொடங்கியதை அவர் எம்மிடம் ஒருநாள் மெல்லிய குரலிற் சொன்னபோது, ஏதாவது செய்தல் வேண்டுமென்று துணிந்தோம்.

தாங்கி தடுத்தமையால் ஆசனத்தைப் பின்னே தள்ள வழியில்லை. எனவே, முதுகுப்புறத்திலிருந்த நாலங்குலத் தடிப்புள்ள மெத்தையைக் கழற்றினோம். அதற்கீடாகத் தென்னந்தும்பு அடைத்து மருதமுனை நெசவுத் துணியால் உறையிட்ட மெல்லிய மெத்தையொன்றை வைத்ததில் இரண்டரை அங்குலம் கிடைத்தது. பின்பு கோண இரும்பாற் சட்டம் அமைத்து ஆசனத்தை மூன்றங்குலம் உயர்த்தினோம். இருக்கை உயர்ந்தால் முழங்காலின் மடிப்பு விரியும் என்பது எமது கணக்கு. ஒட்டு வேலைக்கு ஆள் அழைக்க முயன்றபோது காக்கா தடுத்தார்.

“எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில நெருப்பு வேண்டாம் தம்பி. துளை போட்டு நட்டால முறுக்குங்க.”

அவ்வாறே செய்தோம். மறுநாள் மாலை காக்கா எதனையும் பற்றாமல் இறங்கி நடந்தார். எமக்குண்டான பெருமிதத்தை மறைப்பானேன்? பரிசளிப்பு விழா மேடையில் ஏறியபோதும் அத்துணை மகிழ்ச்சி எமக்கு உண்டானதில்லை.

மூன்று வாரம் சென்றது. காக்கா ஓய்ந்திருக்கும் வேளைகளிலே பாண்டிருப்பைச் சேர்ந்த இளைஞரொருவர் யந்திரத்தை ஓட்டுவார். ஐந்தடி இரண்டங்குல உயரம், அதிகம் பேசாதவர். ஒருநாள் அவர் குளக்கட்டின் சரிவிலே யந்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து வாய்க்காலுள் தொழிலாளர் இருவர் வீழ்ந்த மரத்தைத் தறித்துக்கொண்டிருந்தனர்.

இத்தகைய யந்திரத்தில் ஒன்றை அறிதல் வேண்டும். சமநிலத்தில் வலப் பிடியை இழுத்தால் வலச் சங்கிலி விசையிழக்க, யந்திரம் வலப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போதோ, விடுபட்ட வலச் சங்கிலி விரைந்தோட, யந்திரம் இடப்பக்கம் திரும்பிவிடும். வலப் பிறேக்கை உடன் மிதித்தாலன்றி அது நினைத்த திசையிற் செல்லாது.

இளைஞர் வலப் பிடியை இழுத்தார். மிதியைக் கால் முழுதும் எட்டவில்லை. யந்திரம் வாய்க்காலை நோக்கித் திரும்பியது. அவர் ஆசனத்தை விட்டு வழுகி, நின்றநிலையில் மிதியை அழுத்தி, முன்னிருந்த மண்தள்ளும் தகட்டையும் நிலத்தில் இறக்கினார். தொழிலாளருக்கு நான்கு முழத் தூரத்தில் யந்திரம் நின்றது. நாம் கட்டின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எமது கைகள் நடுங்கியதை இன்றும் உணர்கின்றோம்.

“இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?” என்று வினவினோம்.

அவர் தலைகுனிந்து, “நான் சொன்னா நீங்க ஆசனத்தைப் பழையபடி மாத்திப்போடுவீங்க. காக்காவுக்கு இப்பத்தான் கால் நோ குறைஞ்சிருக்கு” என்றார். மூன்று வாரமாக ஆசனத்தின் விளிம்பிலே, முதுகுக்குச் சாய்வின்றி, நுனிக்காலால் மிதித்து ஓட்டியிருக்கின்றார்.

அருகில் நின்ற காக்கா அவரைச் சினக்கவில்லை. எம்மைப் பார்த்து, “தம்பி, என்ட காலை மட்டும் பாத்தீங்க. இவன்ட காலையும் பாத்திருக்க வேணும்” என்றார். அதனினும் கடிய சொல் எமக்கு வேண்டியதில்லை. யந்திரத்தைப் பல முறை அளந்த நாம், அதில் ஏறுவோர் எத்தனை பேர் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவில்லை. பொறாமையோ சோம்பலோ அன்று, பிறர்க்கு உதவும் விருப்பமே அந்த ஆபத்தை உண்டாக்கியது என்பதுதான் எம்மை மிகவும் வருத்தியது.

அன்றிரவே இருவரையும் சுவரில் முதுகு சாத்தி வாங்கில் இருத்தி அளந்தோம். சுவரிலிருந்து முழங்கால் முன்புறம் வரை காக்காவுக்கு இருபத்தைந்து அங்குலத்துக்கு மேல், இளைஞருக்கு இருபத்தொன்று. நாலங்குல வேறுபாடு! ஆகவே, நிலையான சட்டத்தை நீக்கி, பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்த இரு கோண இரும்புகளைப் பூட்டினோம். அவற்றில் அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து துளைகள் இட்டோம். பின்னே தள்ளினால் ஆசனம் உயரும். முன்னே இழுத்தால் தாழும். இரண்டு ஆணிகளை உருவிச் செருகினால் போதும். ஆணி கழன்றுவிடாதபடி அதன் நுனியிற் கம்பியும் கோத்தோம். முதலில் இளைஞரை இருத்தி, மிதி முழுதும் அழுந்துகின்றதா என்று கண்ட பின்னரே காக்காவை இருத்தினோம். அன்று முதல், ஏறுபவர் எவராயினும் சமநிலத்தில் நிறுத்திப் பிறேக்கை மிதித்துப் பார்த்தே சரிவுக்குச் செல்லல் வேண்டும் என்பது எமது வேலைத்தலத்தின் விதியாயிற்று.

இன்று வரும் யந்திரங்களில் ஆசனம் முன்பின்னாக நகர்கின்றது. மண்வேலை யந்திரங்களில் அமர்வோரின் உடலளவைக் கூறும் அனைத்துலகத் தரநியமும் உண்டு. அதன் எண் 3411. நெடியவர், குறியவர் இருவரையும் அது கணக்கிற் கொள்கின்றது. அதனைப் பல்லாண்டு கழித்து நாம் படித்தபோது, பாண்டிருப்பு இளைஞரின் நுனிக்காலே எம் நினைவில் எழுந்தது.

எமது கல்லூரி வகுப்பறையில் நெடிய மாணவரைப் பின்வாங்கில் இருத்துவர். குறிய மாணவர் முன்னே, கால் நிலத்தில் எட்டாமல் தொங்க, மணியொலிக்கும் வரை அமர்ந்திருப்பர். அவருள் எவரும் வாய்திறந்து முறையிட்டதை நாம் கேட்டதில்லை. அவரைக் கேட்டவரும் இல்லை. பௌதிக அறையில் நுண்ணளவு கற்கும் இளைய மாணவருக்கும், வகுப்பை நடத்தும் ஆசிரியப் பெருந்தகையோருக்கும் நாம் பணிவுடன் கூறுவது இதுவே: ஒருவருடைய நோவைத் தீர்க்கப் புகுமுன், அதே ஆசனத்தில் அமரும் மற்றவரையும் அழைத்துக் கேளுங்கள். கேளாவிடின், நல்லவர் சொல்லமாட்டார்.

காக்கா அந்த ஆசனத்திலிருந்து மேலும் ஆறு ஆண்டுகள் உழைத்தார். ஓய்வுபெற்ற நாளில், இளைஞருக்காக ஆசனத்தை முன்துளைக்குத் தாமே நகர்த்தி, ஆணியைச் செருகி, கம்பியையும் கோத்துவிட்டு இறங்கினார்.